ஆட்சேபனையின் மொழி

இலக்கிய விமர்சனம் என்றதும், நாவலையும் சிறுகதையையும் கவிதையையும் எடைபோடுவதே அதன் முழு வேலை என்று கருதுவோர் நம்மிடையே பலர். ஆனால் ஒரு சமுதாயத்தின் வாழ்வைக் கதைகளும் கவிதைகளும் மட்டும் எழுதிச் செல்வதில்லை. வர்த்தமானி அறிவித்தல், காணி எடுக்கும் கட்டளை, சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அவ்வறிக்கைக்கு எதிராகக் கிராமத்தார் ஒப்பமிட்டு அனுப்பும் ஆட்சேபனை மனு ஆகியனவும் எழுத்துக்களே. இவற்றுக்கும் நடை உண்டு, பாத்திரங்கள் உண்டு, கதை சொல்பவன் ஒருவன் உண்டு, சொல்லாமல் விடப்படும் பகுதிகளும் உண்டு. நாவலைப் படிப்பதிற் காட்டும் கூர்மையை இவற்றைப் படிப்பதிலும் காட்டுவது முற்போக்கு விமர்சகனின் கடமையாகும். மோசமான நாவல் ஒன்றினால் வாசகன் ஓரிரு மாலைப்பொழுதுகளை இழக்கிறான். மோசமான அறிக்கை ஒன்றினால் ஒரு கிராமம் தன் கிணறுகளை இழந்துவிடுகிறது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள், குடியிருப்புக்களை அண்டிய பிராந்திய விமான நிலையங்களை விரிவாக்கும் முயற்சிகளும் அவற்றுக்கு எதிராக எழும் சுற்றாடல் ஆட்சேபனைகளுமாகும். கித்துல்கலையிலே விமான நிலையம் இல்லை. வருவதற்கு இடமும் இல்லை. அங்கே உள்ளவை களனி கங்கை, செங்குத்தான மலைச்சரிவு, இறப்பர் மரங்கள், தேயிலைச் செடிகள், அவற்றினிடையே லயன்கள். எனினும் சப்ரகமுவத் தோட்டப் பகுதியிலிருந்து இப்பிரச்சினையை நோக்குவதில் ஒரு பயன் உண்டு. ஆட்சேபிக்கும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது இங்கிருந்து பார்க்கும்பொழுது தெளிவாகத் தெரிகிறது.

1

முதலிற் பலாலியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானிய விமானப் படையினர் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைத்த இறங்குதளம் அது. 1947 டிசெம்பரில் எயர் சிலோன் நிறுவனம் தனது முதலாவது சேவையை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு நடத்தியபோது, விமானம் தங்கிச் சென்றது இத்தளத்திலேதான். அக்காலத்தில் ஓடுபாதைக்கு அப்பால் மயிலிட்டி, கட்டுவன், வசாவிளான் முதலிய ஊர்களிற் செம்மண் தோட்டங்களும் துலாக் கிணறுகளும் பனங்கூடல்களும் இருந்தன. உள்நாட்டுப் போரின்போது தளம் படைமுகாமாயிற்று. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையுடன் வெளியேறினர். ஓடுபாதையைச் சுற்றியிருந்த ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரைப் பெற்றன.

போர் 2009 இல் முடிந்தது. நான்கு ஆண்டுகளின் பின்னர், 2013 ஏப்ரலில், 6,381 ஏக்கர் நிலத்தை அரசு சுவீகரிக்கும் நோக்குடன் காணி எடுத்தற் சட்டத்தின்கீழ் அறிவித்தல்கள் மரங்களிலும் மதில்களிலும் ஒட்டப்பட்டன. அவ்வறிவித்தலின் நடையை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். காணிகளின் உரிமையாளர் இன்னார் எனக் கண்டறிய முடியவில்லை என்ற பொருள்பட அது எழுதப்பட்டிருந்தது. உரிமையாளரோ சில மைல்களுக்கு அப்பால், நலன்புரி நிலையங்கள் என்று அழைக்கப்பட்ட முகாம்களில், இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தகரக் கூரைகளின்கீழ் வாழ்ந்துகொண்டிருந்தனர். அரசாங்கமே அவர்களுக்குப் பங்கீட்டு அட்டை வழங்கியிருந்தது. வாக்காளர் இடாப்பில் அவர்கள் பெயர் இருந்தது. உணவுப் பொதி வழங்கும்போது இருந்த மனிதன், காணியை எடுக்கும்போது இல்லாமற்போகிறான். ஒரு நாவலாசிரியன் தன் பாத்திரத்தை இவ்வாறு ஓரத்தியாயத்தில் நடமாடவிட்டு மறு அத்தியாயத்தில் மறந்துவிட்டால், அதனைக் கலைக் குறைபாடு என்போம். அரச எழுத்தில் இதற்கு நிருவாக வசதி என்று பெயர்.

காணி உரிமையாளர்கள் பெருந்தொகையாக நீதிமன்றத்தை நாடினர், ஊர்வலம் சென்றனர், கண்டிப்பான எதிர்ப்பைத் தெரிவித்தனர். 2015 ஆம் ஆண்டின் பின் நிலங்கள் கட்டங் கட்டமாக விடுவிக்கப்பட்டன. 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீண்டது. ஆயினும் எல்லாக் காணியும் மீளவில்லை. 2019 ஒக்டோபர் 17 ஆந் திகதி, 1,400 மீற்றர் ஓடுபாதையுடன், யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்ற புதிய பெயரில் பலாலி திறக்கப்பட்டது. இன்னும் பெரிய விமானங்கள் இறங்கத்தக்கதாக ஓடுபாதையை நீட்டும் திட்டம் அன்றே பேசப்பட்டது.

விமான நிலையம் தேவையற்றதென்று யாழ்ப்பாண மக்கள் சொல்லவில்லை என்பதையும் இங்கே குறிப்பிடுதல் வேண்டும். கடல் கடந்த உறவினரைக் காணவும், சென்னையில் மருத்துவம் பெறவும், கொழும்புக்கு ஒரு நாள் முழுவதும் பயணஞ் செய்யாது வெளிநாடு செல்லவும் அது உதவும். அவர்கள் கேட்டது வேறு: எவ்வளவு நிலம் உண்மையிலே ஓடுபாதைக்குத் தேவை? எவ்வளவு நிலம் ஓடுபாதையின் பெயரால் எடுக்கப்படுகிறது? இவ்விரு கேள்விக்கும் உரிய தொகைகளைத் தனித்தனியே வெளியிட எந்த அறிவித்தலும் முன்வரவில்லை.

இதனைக் காணிப் பிரச்சினை என்று மட்டும் சொல்லிச் சுற்றாடற் பிரச்சினையிலிருந்து பிரித்துவிடுதல் தவறாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை செம்மண்ணூடாக இறங்கிச் சுண்ணாம்புக் கற்படையின் வெடிப்புக்களிலும் குகைகளிலும் தேங்குகிறது. அதனையே கிணறுகள் ஆண்டு முழுவதும் இறைக்கின்றன. நிலத்தின் மேற்பரப்பைக் கொங்கிறீற்றாலும் தாராலும் மூடினால் மழை இறங்க வழியில்லை. எண்ணெய் கசிந்தாலோ, வெடிப்புள்ள கற்படை அதனை வடித்தெடுக்காது. அயற் கிணறுகளுக்குக் கடத்திவிடும். இது வெறும் அச்சமன்று. பலாலிக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள சுண்ணாகத்தில், மின் நிலையம் ஒன்றை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பற்றிய வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மக்களுக்கு நட்டஈடு வழங்கக் கட்டளையிட்டது. ஆகவே பலாலியிலே காணி, கிணறு, சுற்றாடல் ஆகிய மூன்றும் ஒன்றே. காணியைப் பற்றிப் பேசுபவன் நிலத்தடி நீரைப் பற்றியே பேசுகிறான்.

2

இனி, பாக்கு நீரிணைக்கு அப்பால் நோக்குவோம். காஞ்சிபுரம் மாவட்டத்துப் பரந்தூரில் சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு 2022 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இது விரிவாக்கமன்று, புதிய நிலையம். எனினும் பொருள் ஒன்றே. ஐயாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதற்குத் தேவை எனப்பட்டது. அந்நிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு ஏரியும் குளமும் வாய்க்காலுமாகும். ஏகனாபுரம் என்ற சிற்றூரின் மக்கள் அன்று தொடங்கிய மாலைநேரப் போராட்டம் 2025 இல் ஆயிரம் நாட்களைக் கடந்தது. கிராம சபையில் மீண்டும் மீண்டும் எதிர்ப்புத் தீர்மானங்களை நிறைவேற்றினர். 2024 நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிப்பைப் புறக்கணித்தனர்.

திட்ட ஆவணங்களின் மொழியையும் ஏகனாபுரத்தாரின் மொழியையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு வேறுபாடு உடனே புலனாகும். ஆவணத்தில் நிலம் பரப்பளவாகவும் வகையாகவும் வருகிறது: இத்தனை ஏக்கர் நஞ்சை, இத்தனை ஏக்கர் புஞ்சை, இத்தனை ஏக்கர் நீர்நிலை. கிராமத்தாரின் பேச்சிலோ ஏரிக்குப் பெயர் உண்டு. வாய்க்காலுக்குப் பெயர் உண்டு. இந்த ஏரி நிரம்பினால் எந்த ஏரிக்கு நீர் போகும் என்ற அறிவு உண்டு. கம்பன் கால்வாய் ஏரிகள் பலவற்றைத் தொடுத்து நீரை நடத்திச் செல்வது. ஒரு தொடரின் நடுவே ஓர் ஏரியை மண்ணிட்டு நிரப்பினால், இழப்பு அந்த ஏரியின் பரப்பளவோடு முடிவதில்லை. மேலூரில் வெள்ளமும் கீழூரில் வறட்சியும் ஒருங்கே தோன்றும். பரப்பளவைக் கணக்கிடும் மொழி இந்தத் தொடர்பைக் காட்ட வல்லதன்று. எனவே கிராமத்தாரின் மொழி உணர்ச்சி மொழி, ஆவணத்தின் மொழி விஞ்ஞான மொழி என்ற வழக்கமான பாகுபாடு இங்கே தலைகீழாகிவிடுகிறது. நீரியல் உண்மையை அதிகம் சொல்வது எது என்று கேட்டால், கிராமத்தாரின் மொழியே என விடை கூறவேண்டும்.

இவ்விடத்தே யப்பானின் நரிட்டாவை நினைவுகூர்தல் பொருத்தமாகும். டோக்கியோவுக்குப் புதிய விமான நிலையத்தைச் சன்றிசூக்காப் பகுதியில் அமைப்பதென 1966 யூலையில் யப்பானிய அமைச்சரவை தீர்மானித்தது. அந்நிலத்தில் வாழ்ந்த உழவரிற் பலர், யுத்தம் முடிந்த பின் வந்து கரடுமுரடான தரிசை வெட்டிப் பண்படுத்தியவர்கள். அவர்களிடம் எவரும் முன்னதாகக் கலந்துபேசவில்லை. உழவரோடு மாணவர் இணைந்தனர். போராட்டம் பல ஆண்டுகள் நீண்டது. இரு புறத்தும் உயிர்கள் பலியாயின. 1978 மார்ச்சில் திறக்கவிருந்த நிலையம், கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் போராட்டக்காரர் கைப்பற்றிச் சேதப்படுத்தியதனால், மே மாதம் வரை தாமதித்தது. நிலத்தை விட்டுக்கொடாத உழவர் இருந்தமையால் இரண்டாவது ஓடுபாதை 2002 இல் திட்டமிட்ட நீளத்தைவிடக் குறுகியதாகவே திறக்கப்பட்டது. 1995 இல் பிரதமர் முறயாமா அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமக் கூட்டத்தில் உட்கார்ந்து பேசியிருந்தால் அதற்குத் தேவை இருந்திராது.

ஒகாவா சின்சுகே என்ற திரைப்படக் கலைஞர் தமது குழுவினருடன் அவ்வூரிற் சென்று தங்கி, 1968 தொடக்கம் அப்போராட்டத்தைத் தொடர்ச்சியாகப் படமாக்கினார். கலைஞன் மக்களிடம் சென்று அவர்களது பேச்சைச் செவிமடுக்க எடுத்துக்கொண்ட காலமே அப்படங்களின் வலிமையாகும். நம்முடைய எழுத்தாளர் எத்தனை பேர் வலிகாமம் வடக்கு முகாம்களில் ஒரு பருவகாலத்தையேனும் கழித்தனர் என்ற கேள்வி இங்கே எழுகிறது.

3

ஆட்சேபனைகள் எல்லாம் ஒரே தரத்தன என்று நாம் சொல்ல வரவில்லை. செல்வம் படைத்த நாடுகளின் பெருநகர்ப் புறங்களில் எழும் ஆட்சேபனைகளில் ஒரு பகுதி, வீட்டின் விலை குறையும் என்ற கவலையிற் பிறந்தது. என் வீட்டு முற்றத்தில் வேண்டாம், அயலூரான் வீட்டு முற்றத்திற் போடு என்பதே அதன் சாரம். இத்தகைய ஆட்சேபனை வெற்றி பெறும்போது, விமானங்கள் குறைவதில்லை. வசதியற்றவர்களின் கூரைகளுக்கு மேலே திருப்பிவிடப்படுகின்றன. இடதுசாரிகளிற் சிலர் இதனைக் கண்டு, சுற்றாடல் பேச்சு முழுவதுமே நடுத்தர வர்க்கத்தின் சொகுசு என்று ஒதுக்கிவிடுவர். இதுவும் பிழையான முடிவாகும்.

இரைச்சலை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிராந்தியம் 2018 இல் வெளியிட்ட வழிகாட்டி, விமான இரைச்சல் நாள் முழுவதற்குமான சராசரியில் 45 டெசிபெலுக்கும், இரவில் 40 டெசிபெலுக்கும் கீழே இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. 2005 இல் லான்செற் மருத்துவ ஏட்டில் வெளியான ஓர் ஆய்வு ஆசிரியர்கள் அறிந்திருக்க வேண்டியது. பிரித்தானியா, நெதர்லாந்து, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் பெரிய விமான நிலையங்களை அண்டிய 89 பாடசாலைகளில், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள் 2,844 பேரை அவ்வாய்வு சோதித்தது. விமான இரைச்சல் கூடக்கூட, பிள்ளைகளின் வாசித்து விளங்கும் திறன் குறைந்து சென்றமை கண்டறியப்பட்டது. பணக்காரன் கண்ணாடிச் சாளரம் இட்டு இரைச்சலைத் தடுத்துக்கொள்வான். பிள்ளையைத் தூரத்துப் பாடசாலைக்கு அனுப்புவான். கூரைத் தகரத்தின்கீழ் நடக்கும் வகுப்பில், விமானம் கடக்கும்வரை ஆசிரியர் வாய் மூடி நிற்கவேண்டியதுதான். எனவே இரைச்சலும் வர்க்கப் பிரச்சினையே.

இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும், அதன் 1988 ஆம் ஆண்டுத் திருத்தமும், குறித்துரைத்த திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கின. 1993 ஆம் ஆண்டு வர்த்தமானி, விமான நிலையம் அமைத்தலையும், கொள்ளளவை 50 சதவீதமோ அதற்கு மேலோ பெருக்கும் விரிவாக்கத்தையும் அப்பட்டியலிற் சேர்த்தது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்வையிட்டுக் கருத்துக் கூற 30 நாள் அவகாசம் உண்டு. சட்டத்தின் நோக்கம் நல்லதே. ஆனால் விரிவாக்கம் என்பது துண்டு துண்டாக நடைபெறுவது. இவ்வாண்டு சில நூறு மீற்றர், மூன்றாண்டின் பின் மேலும் சில நூறு மீற்றர் என்று நீட்டிச் சென்றால், எந்தத் துண்டும் தனித்து எல்லையைத் தாண்டாதிருக்கலாம். முழுமையோ ஊரையே விழுங்கியிருக்கும். அன்றியும், நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையின் தொழில்நுட்ப அத்தியாயங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. முப்பது நாளில் அதனை வாசித்து விளங்கி மறுப்பு எழுத, ஒரு தோட்டத் தொழிலாளியோ மீனவனோ எங்கே போவான்?

அறிக்கைகளின் நடை பற்றி ஒன்று கூறவேண்டும். அவற்றில் எல்லா வினைகளும் செயப்பாட்டு வினைகள். குடும்பங்கள் அகற்றப்படும், மரங்கள் வெட்டப்படும், நட்டஈடு வழங்கப்படும். அகற்றுபவன் யார், வெட்டுபவன் யார், எப்பொழுது வழங்குபவன் யார் என்பதற்கு எழுவாய் இல்லை. மனிதர் பாதிக்கப்படும் ஆட்கள் என்ற தொகையாகின்றனர். தீங்கு என்ற சொல் தாக்கம் ஆகிறது. தீங்கைக் குறைப்போம் என்ற வாக்குறுதி தணிப்பு நடவடிக்கை ஆகிறது. எழுவாய் இல்லாத வாக்கியத்தில் எழுதிய வாக்குறுதியை எவரிடம் போய்க் கேட்பது?

வாக்குறுதியின் மறுபக்கத்துக்கு மத்தளை சான்று. அம்பாந்தோட்டை மாவட்டத்தில் யானைகள் நடமாடிய காட்டை வெட்டி அமைத்த அவ்விமான நிலையம் 2013 மார்ச்சில் திறக்கப்பட்டது. பெரும் விமான நிறுவனங்கள் விரைவில் விலகிக்கொண்டன. 2016 இல், ஓடுபாதைப் பக்கம் வரும் வனவிலங்குகளை விரட்ட நூற்றுக்கணக்கான படையினரும் பொலிசாரும் அனுப்பப்பட்டனர். ஆட்சேபித்தவர்களை அபிவிருத்தியின் எதிரிகள் என்று ஏசியோர், கடன் சுமையைப் பொதுமக்கள் தலையில் வைத்தமைக்கு எந்தப் பெயரை இட்டனர் என்று தெரியவில்லை.

4

இவ்வளவையும் மனத்திற்கொண்டு கித்துல்கலைக்கு வருவோம்.

உலகம் அறிந்த கித்துல்கல, ஒரு திரைப்படத்தின் கித்துல்கல. பியர் பூல் 1952 இல் எழுதிய நாவலைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய குவாய் நதிப் பாலத்தின் பெரும்பகுதி இங்கேதான் படமாக்கப்பட்டது. களனி கங்கைக்குக் குறுக்கே மரப்பாலம் கட்டி, அதனைக் கமெராவின் முன் வெடிவைத்துத் தகர்த்தனர். 1957 இல் வெளியான அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது. அக்கதையின் பின்னணி, 1942 க்கும் 1943 க்கும் இடையில் யப்பானியப் படையினர் கட்டுவித்த சயாம்–பர்மா ரயில் பாதையாகும். அங்கே நேச நாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆனால் அதைப்போற் பல மடங்காக மாண்டோர் ஆசியத் தொழிலாளர். அவருள் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் பெருந்தொகையினர். படத்தில் அவர்கள் இல்லை. பாலத்தைக் கட்டுபவர் வெள்ளையர். பாலத்தின்மேற் கர்வங் கொள்பவரும் வெள்ளையர். அதனைத் தகர்ப்பவரும் வெள்ளையரே. இறப்பர்த் தோட்டத் தமிழர் வாழும் ஒரு பள்ளத்தாக்குக்கு வந்து, இறப்பர்த் தோட்டத் தமிழர் மாண்ட கதையை, அவர்களை நீக்கிவிட்டுப் படம் பிடித்துச் சென்றனர்.

படத்தை ஒரு கலைப்படைப்பு என்ற வகையில் நாம் குறைகூறவில்லை. அதன் நடிப்பும் காட்சி அமைப்பும் பாராட்டத்தக்கனவே. நாம் சுட்ட விரும்புவது, இந்த நீக்கம் திரைப்படத்தோடு முடிவதில்லை என்பதையே. பல ஆண்டுகளின் பின், மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடிக் களனியாகும் இடத்தையொட்டி, புரோட்லண்ட்ஸ் என்ற 35 மெகாவாற் நீர்மின் திட்டம் வந்தது. 2013 இல் வேலை தொடங்கிப் பல ஆண்டுத் தாமதத்தின் பின்னரே அது மின் உற்பத்திக்கு வந்தது. ஆட்சேபனைகள் எழுந்தன. பத்திரிகைகளிற் பெரிதும் இடம்பெற்றவை எவை? வெண்ணீர்ப் படகோட்டம் நின்றுவிடும். உல்லாசப் பயணிகள் வாரார். அரிய மீன்களும் தாவரங்களும் அழியும். இவை நியாயமான கவலைகளே. படகோட்டத்தை நம்பிய கிராமத்து இளைஞரின் பிழைப்பு உண்மையான பிழைப்பு. அரிய மீன் உண்மையாகவே அரியது. ஆயினும், சுரங்கத்துக்கு வெடிவைக்கும் அதிர்வு மேற்சரிவு லயன்களின் சுவர்களை என்ன செய்யும், ஊற்று நீர் வற்றினால் பீலிக்கரையில் வரிசை நிற்கும் பெண்கள் எங்கே போவர் என்ற கேள்விகள் மிக மெல்லிய குரலிலேயே ஒலித்தன. தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் இயங்கத் தொடங்கியபோதும், சென் கிளயர் நீர்வீழ்ச்சி பகற்பொழுதில் வீழ்வதற்கு நீர் விடவேண்டும் என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது. நீர்வீழ்ச்சிக்கு மணித்தியாலக் கணக்கில் உரிமை கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. அதன் பக்கத்திற் கொழுந்து கொய்பவளுக்கு எந்தக் கணக்கில் உரிமை எழுதப்பட்டது?

இக்குறைபாட்டின் வரலாறு நீண்டது. மலையக இலக்கியத்தின் தொடக்கங்களுள் ஒன்றாகக் குறிப்பிடப்படுவது, 1869 இல் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய கோப்பிக் கிருஷிக் கும்மி. காட்டை அழித்துக் கோப்பி பயிரிடும் முறையை, தோட்ட முதலாளியின் நோக்கில் நின்று, புகழ்ந்து பாடுவது அது. நவீன பாஷையிற் சொன்னால் அது ஒரு திட்ட அறிக்கை. அதே 1869 இல்தான் கோப்பி இலைநோய் இலங்கையிலே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் கோப்பித் தோட்டங்கள் மடிந்தன. ஒரே பயிரை மலைமலையாய் நட்டதன் விளைவு அது. கும்மியில் அதற்கு இடமில்லை. தொழிலாளர் தாமே பாடிய நாட்டார் பாடல்களிலோ, வந்த வழியின் சாவுகளும், அட்டைக் கடியும், மலைக் குளிரும், சரிவின் பயங்கரமும் பதிவாயின. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்த பணியை இந்நோக்கில் மதிப்பிடவேண்டும். மேலிருந்து எழுதிய அறிக்கைக்குக் கீழிருந்து எழுந்த ஆட்சேபனைகள் அவை. அவற்றைச் செவிமடுக்கக் கடமைப்பட்ட அதிகார சபை எதுவும் அன்று இல்லை என்பதே வேறுபாடு.

5

இப்பொழுது பிரச்சினையின் மையத்துக்கு வருகிறோம். பலாலியிலும் பரந்தூரிலும் நரிட்டாவிலும் ஆட்சேபித்தோர் கையில் ஓர் ஆயுதம் இருந்தது: உறுதி, பட்டா, காணிப் பத்திரம். வலிகாமம் வடக்கு மக்கள் நீதிமன்றம் செல்ல முடிந்தமைக்குக் காரணம் அதுவே. ஆனால் அங்கேயும் காணியற்ற கூலித் தொழிலாளியும் குத்தகை உழவனும் பின்வரிசையிலேயே நின்றனர். தோட்டப் பகுதியிலோ பின்வரிசைதான் முழு ஊரும். தோட்டக் காணி அரசின் சொத்து. 1972 இலும் 1975 இலும் நடந்த காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. 1992 இல் அவற்றின் முகாமை கம்பனிகளிடம் சென்றது. ஐந்து தலைமுறையாக லயனில் வாழ்பவன் சட்டத்தின் கண்ணில் அங்கே தங்கியிருப்பவன் மாத்திரமே. 1948 இல் பிரசாவுரிமையைப் பறித்தனர். அது திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. வாக்குரிமை மீண்டது. வீட்டடிக் காணி பெரும்பாலோர்க்கு மீளவில்லை. ஏழு பேர்ச் காணியுடன் புதிய வீடு பெற்றோர் சிறு தொகையினர்.

இதன் விளைவு யாது? 2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணிற் புதைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. 2016 மே 17 இல், நமது கேகாலை மாவட்டத்தில், அரநாயக்கவில் மலை சரிந்து கிராமங்களை மூடிய அதே நாளிலே, புளத்கொகுபிட்டியக் களுபஹன தோட்டத்தில் லயன் வரிசை மண்ணுள் மறைந்தது. எச்சரிக்கை வந்தாலும் வெளியேறிச் செல்லத் தனக்கென ஓரடி நிலம் இல்லாதவன் எங்கே செல்வான்? சரிவை வெட்டிப் பாதை அமைக்கும்போதும் மரங்களைத் தறிக்கும்போதும் ஆட்சேபிக்க அவனுக்கு எந்தப் பத்திரம் உண்டு? காணிச் சொந்தக்காரர் என்ற பட்டியலில் அவன் பெயர் இல்லை. அதனால் பாதிக்கப்படும் ஆட்கள் என்ற பட்டியலிலும் அவன் கடைசியாகவே இடம்பெறுகிறான்.

எனவே, வீட்டுக்கு அருகே திட்டம் வரும்பொழுது வீடு என்பதற்கு என்ன வரைவிலக்கணம் என்று நாம் முதலிற் கேட்கவேண்டும். உறுதியில் எழுதப்பட்டதே வீடு என்றால், தோட்டங்களில் வீடுகளே இல்லை. எங்கே ஒருவன் உறங்குகிறானோ, எந்த நீரைக் குடிக்கிறானோ, எங்கே அவன் பிள்ளை படிக்கிறதோ அதுவே வீடு என்றால், ஆட்சேபிக்கும் உரிமை வாழ்தலிலிருந்தே பிறக்கிறது. பின்னைய வரைவிலக்கணத்தையே முற்போக்காளர் ஏற்றல் வேண்டும். அதனைச் சட்டமாக்கவும் போராடவேண்டும்.

நம் தரப்பு எழுத்தாளரின் இரு பலவீனங்களையும் மறைக்காது கூறவேண்டும். ஒன்று, இயந்திர வழிபாடு. அணையையும் உலையையும் ஓடுபாதையையும் கண்டதும் வரலாறு முன்னேறுகிறது என்று கும்மியடிக்கும் மனப்பான்மை. மின்சாரம் வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. விமலசுரேந்திர 1918 இலேயே நீர்மின் வளத்தை எடுத்துக்காட்டியது தேசப்பற்றுள்ள செயல். ஆனால் லக்சபான மின்சாரம் 1950 தொடக்கம் கொழும்புக்கு ஓடியபோது, அதன் கம்பிகள் கடந்து சென்ற லயன்களிற் பல, தலைமுறைக் கணக்கில் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன. யாருக்காக என்ற கேள்வியற்ற முன்னேற்றப் பாட்டு, ஆபிரகாம் ஜோசப்பின் பாட்டேயாகும். மற்றையது, இயற்கை வழிபாடு. மலையையும் அருவியையும் வருணித்து, அங்கே வாழும் மனிதனைக் காட்சிக்குத் தடையாகக் கருதும் மனப்பான்மை. பச்சைக் கம்பளம் என்று தேயிலை மலையை வருணிப்பவன், அக்கம்பளம் விரிக்கக் காடு அழிந்ததையும் மறக்கிறான். அதனைப் பராமரிப்பவளின் முதுகையும் மறக்கிறான். இரு பலவீனங்களும் வெளிக்கு முரண்பட்டவை; தொழிலாளியை நீக்குவதில் ஒன்றுபட்டவை.

ஆசிரியரும் மாணவரும் இவ்விடயத்தில் ஆற்றக்கூடிய பணி உண்டு. ஓர் அறிக்கை பார்வைக்கு வைக்கப்பட்டால், அதன் சுருக்கத்தையேனும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தோட்டத்திலும் கிராமத்திலும் வாசித்துக் காட்டலாம். செயப்பாட்டு வினைகளை எல்லாம் செய்வினையாக மாற்றி எழுதும் பயிற்சியை உயர்வகுப்பு மாணவருக்குக் கொடுக்கலாம். எந்த எழுவாயை இட முடியவில்லையோ, அந்த இடத்திற் பொறுப்பு மறைக்கப்பட்டுள்ளது என்பதை அவர்களே கண்டுகொள்வர். கிணறு, ஊற்று, பீலி, வாய்க்கால், சரிவு ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்யலாம். சிங்களக் கிராமத்தவனும் தோட்டத் தமிழனும் ஒரே மலைச்சரிவின்கீழ் வாழ்பவர்கள். 2016 இல் மலை இரு சாராரையும் ஒரே நாளிலே புதைத்தது. என். எம். பெரேராவை நீண்டகாலம் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய யட்டியாந்தோட்டைப் பகுதிக்கு, இரு மொழியிலும் ஒரே மனுவை எழுதும் பழக்கம் புதியதாக இருக்கவேண்டியதில்லை.

முப்பது நாள் என்பது குறுகிய காலம். ஆனால் அறிக்கை வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எங்கள் சரிவில் யார் யார் வாழ்கிறோம், எந்த நீரைக் குடிக்கிறோம், எந்த மண் நகர்கிறது என்ற கணக்கை இன்றே எழுதத் தொடங்கலாம். உரிமையாளரைக் கண்டறிய முடியவில்லை என்று மரத்தில் ஒட்டும் அறிவித்தலுக்கு, பெயர்கள் நிறைந்த அந்த ஏடே முதல் விடையாகும்.